களைந்தது எவர் கை? நவீன மையோவியத்தில் ஆணுடலும் அதன் சமூகமும்

ஓவியம் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளில் நிர்வாணம் என்ற சொல் இடம்பெறும்போதெல்லாம் பெண்ணுடலே பேசப்படுகின்றது. பெண்ணின் ஆடையற்ற உருவம் நூலட்டைகளையும் சஞ்சிகைப் பக்கங்களையும் அலங்கரிப்பது குறித்து எவரும் அதிர்ச்சி அடைவதில்லை. அதே பக்கத்தில் ஆணின் ஆடையற்ற உருவம் வந்துவிட்டால் மட்டும் இரண்டு குரல்கள் உடனே எழுகின்றன. ‘இது ஆபாசம், மார்க்கத்துக்கும் மரபுக்கும் விரோதமானது’ என்பது ஒரு குரல். ‘இது கலை, கலைக்கு எல்லை கிடையாது, பார்க்கக் கூசுபவர் பாமரர்’ என்பது மற்றக் குரல். இவை ஒன்றையொன்று பகைப்பனபோலத் தோன்றினும் ஒரு விடயத்தில் உடன்பிறந்தவை. படத்தில் ஆடையின்றி நிற்கும் மனிதன் யார், அவனுடைய ஆடையைக் களைந்தது எவர் கை என்ற கேள்வியை இரண்டுமே கேட்பதில்லை. இக்கேள்வியைக் கேளாத கலை விமர்சனம் விமர்சனமே அன்று. ஒன்று அது தணிக்கை, அன்றேல் விளம்பரம்.

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் அம்பாறைக் கடற்கரைக்கு இந்தக் கேள்வி அந்நியமானதன்று. கவிதையில் தனக்கென ஒரு குரலைத் தேடிக்கொண்ட கரை அது. நவீன கவிதையை அச்சிட்ட சிறுசஞ்சிகைகளோடு கோட்டோவியமும் அதன் வாசகர்களுக்கு அறிமுகமாயிற்று. ஆனால் கவிதையைப் பற்றி ஊரே கூடி வாதிட்ட அளவுக்கு, அதன் அருகில் கிடந்த கறுப்புக் கோடுகளைப் பற்றி வாதம் எழவில்லை. இலக்கியத்தில் வர்க்கத்தைத் துருவித் துருவித் தேடிய ஈழத்து விமர்சனம், ஓவியத்தின் முன் வந்ததும் ‘கோட்டின் லயம்’, ‘வெளியின் மௌனம்’ என்று சொல்லி விலகிக்கொண்டது. நாவலில் வரும் கூலித் தொழிலாளியின் வாழ்க்கையை விசாரித்தவர்கள், ஓவியத்தில் நிற்கும் கூலித் தொழிலாளியின் முதுகெலும்பைக் கண்டு ‘அழகிய வளைவு’ என்றனர். இம்முரண்பாடு தற்செயலானதன்று.

1943ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டால் இதன் வேர் புலப்படும். அவ்வாண்டு கொழும்பில் இரண்டு தொடக்கங்கள் நிகழ்ந்தன. கல்முனைக்கு அயலிலுள்ள காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் லயனல் வென்ட்டின் இல்லத்தில் கூடிய ஓவியர்கள் ‘43 குழு’வைத் தோற்றுவித்தனர். ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தெரணியகல, ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ், ஜோர்ஜ் கிளாசன், மஞ்சுசிறி முதலியோர் அதில் இருந்தனர். தமிழாய்வின் வரலாற்றில் முதலாவது நிகழ்ச்சி பதியப்பட்டது. இலங்கை ஓவியத்தின் வரலாற்றில் இரண்டாவது பதியப்பட்டது. இரண்டையும் ஒருசேர எண்ணிப் பார்ப்பது தமிழ்க் கல்வியுலகின் வழக்கமாகவில்லை. அதனால் நவீன ஓவியம் என்பது கொழும்பின் மேட்டுக்குடியினர் வீட்டுச் சுவர்களில் தொங்கும் பிறர் உடைமையாகவே கருதப்பட்டு வந்தது.

அந்தச் சுவர்களில் தொங்கியது யாருடைய உடல்? கீற் ஐரோப்பிய கியூபிசத்தையும் இந்தியச் சிற்ப மரபையும் இணைத்து வரைந்த கோடுகளில் பெண்ணுடலே ஆட்சி செய்தது. ஆண் பெரும்பாலும் காதலனாக, கண்ணனாக, அவளுக்குத் துணையாக வந்தான். ஆடை களைந்த ஆணைத் தனிப்பொருளாக நிறுத்தியவர் ஓவியரல்லர், ஒளிப்படக் கலைஞரான வென்ட். 1900இல் பிறந்து 1944இல் மறைந்த அவர், உயர் நீதிமன்ற நீதியரசரின் மைந்தர், சட்டம் பயின்றவர், பியானோ வாத்தியத்தில் வல்லவர். அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்களில் கோவணத்தோடும் அதுவுமின்றியும் நிற்கும் இளைஞர்களின் உடல்களில் ஒளி விழும் விதம், மை தோய்ந்த தூரிகையின் வேலையை ஒத்தது. அவர் மறைந்த பின்னர் 1950இல் வெளிவந்த ‘லயனல் வென்ட்டின் இலங்கை’ என்ற நூல் அப்படங்களை உலகறியச் செய்தது.

வென்ட்டின் படங்களை வெறும் அழகியலாகப் படிப்பதும், வெறும் அசிங்கமாகத் தள்ளுவதும் ஒரே அளவு சோம்பேறித்தனம். பிரித்தானியர் 1883இல் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவை ஆணுக்கும் ஆணுக்குமிடையிலான உடலுறவைக் குற்றமாக்கியிருந்த நாட்டில், ஆணுடலை அன்போடு நோக்கும் பார்வை வெளிப்படையாகப் பேச இயலாது. கலையின் போர்வைக்குள்தான் அது மூச்சுவிட முடிந்தது. அந்த ஒடுக்குமுறையை உணராதவர் அப்படங்களை உணர இயலாது. ஆயினும் மற்றொன்றும் உண்மை. ஒளிப்படக் கருவி இருந்தது கறுவாத் தோட்டத்து மாளிகையில். அதன் முன் நின்ற உடல்களோ பெரும்பாலும் வலை இழுத்தும் பாரம் சுமந்தும் உரமேறிய உடல்கள். பார்த்தவனின் பெயர் வரலாற்றில் நின்றது. பார்க்கப்பட்டவர்களில் பலருடைய பெயர் நிற்கவில்லை. ஒடுக்கப்பட்ட விருப்பம் ஒருபுறம், வர்க்க ஏற்றத்தாழ்வு மறுபுறம். இரண்டும் ஒரே படத்தில் குடியிருக்கின்றன. ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பது நேர்மையாகாது.

இந்த ஏற்றத்தாழ்வு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அறிய, பேனாவும் மையும் ஏந்தி வந்த வேறொருவரைப் பார்க்கவேண்டும். அவுஸ்திரேலிய ஓவியர் டொனால்ட் பிரண்ட் 1957 முதல் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் இலங்கையில், பெவிஸ் பாவாவின் ‘பிரீவ்’ தோட்டத்தில் தங்கியிருந்தார். ஆணுடலை மையால் வரைவதில் அவருக்கிருந்த கைத்திறனை எவரும் மறுக்கமாட்டார்; ஒரே இழுப்பில் தோளும் இடையும் தொடையும் உயிர்பெறும். பின்னர் அவர் இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குக் குடிபெயர்ந்தார். அவருடைய நாட்குறிப்புகளை அவுஸ்திரேலிய தேசிய நூலகம் 2001 முதல் 2006 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டது. பாலியில் பராயமடையாத சிறுவர்களோடு தாம் கொண்ட பாலுறவை அவர் தம் கையாலேயே அதில் எழுதி வைத்திருந்தார். ‘கோட்டின் லயம்’ பேசியவர்கள் அதன்பின் என்ன சொல்வார்கள்? ஏழை நாட்டுக் கரையில், பணமும் வெள்ளைத் தோலும் கொண்ட ஒருவரின் முன்னால் ஒரு சிறுவன் நிற்கும்போது, அங்கே கலை தொடங்குமுன்பே அநீதி தொடங்கிவிடுகின்றது. வென்ட்டையும் பிரண்டையும் ஒரே தட்டில் நிறுப்பது அவதூறு, அதற்கு ஆதாரமில்லை. ஆனால் பார்க்கப்படுபவனைக் கேள்விக்கு வெளியே நிறுத்திய விமர்சனமே பிரண்டைப் போன்றவர்களுக்கு வேலியாக அமைந்தது என்பதில் ஐயமில்லை.

இவ்விடத்தில் ‘கலைக்கு எல்லை இல்லை’ என்போர் மரபைத் துணைக்கு அழைப்பதுண்டு. கழுகுமலைப் பாறையில் சமணத் தீர்த்தங்கரர் ஆடையின்றி நிற்கவில்லையா, சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் பிட்சாடனர் ஆடையின்றி நடக்கவில்லையா என்பர். நிற்கின்றார்; நடக்கின்றார். ஆனால் அவர்களுடைய ஆடையைப் பிறர் களையவில்லை. தீர்த்தங்கரரின் நிர்வாணம் துறவு, தானே உதறியது. பிட்சாடனரின் நிர்வாணம் தெய்வத்தின் திருவிளையாடல், தானே ஏற்றது. மரபு ஒன்றைச் சொல்கிறதென்றால் அது, களைந்த கை தன் கையாக இருக்கவேண்டும் என்பதே. அந்த மரபைக் காட்டி, சில ரூபாய்க்காக நிறுத்தப்பட்ட ஒருவனின் உடலுக்கு நியாயம் தேடுவது மரபுக்கே இழுக்கு.

மறுபக்கத்தில் ‘பார்க்கத் தகாதது’ என்போருக்கும் 1943ஆம் ஆண்டே விடை வைத்திருக்கின்றது. கொழும்பில் 43 குழு கூடிய அதே ஆண்டில் வங்காளத்தில் பஞ்சம் இலட்சக்கணக்கானோரை விழுங்கியது. மைமன்சிங் மண்ணில் வளர்ந்த முஸ்லிம் இளைஞரான ஸைனுல் ஆபிதீன் அன்று கல்கத்தாவின் கலைக்கல்லூரியில் ஆசிரியர். பொதிகட்டும் மலிவுத் தாளில், சீன மையும் தூரிகையும் கொண்டு தெருவோரத்தில் செத்துக்கொண்டிருந்தவர்களை வரைந்தார். எலும்பின் மேல் தோல் போர்த்த ஆண்கள், இடையில் கந்தலொன்றைத் தவிர வேறெதுவுமின்றிக் குந்தியிருந்தனர். காகங்கள் அருகில் காத்திருந்தன. அவர்களுடைய ஆடையைக் களைந்தது ஓவியனின் கையன்று. பதுக்கல்காரனின் கை, போரை மட்டுமே எண்ணிய பிரித்தானிய அரசின் கை. ஓவியன் செய்தது, அந்தக் கையைக் காட்டிக்கொடுத்தமை.

அதே பஞ்சத்தை மேதினிப்பூரில் கண்டு வரைந்த சித்தப்பிரசாத், தம் பேனாவோவியங்களோடு அம்மனிதர்களின் பெயரையும் ஊரையும் நேர்ந்த கதியையும் குறித்துவைத்தார். ‘பசித்த வங்காளம்’ என்ற அவருடைய சிறுநூலின் 5,000 பிரதிகளைப் பிரித்தானிய ஆட்சி கைப்பற்றி எரித்தது. கொழும்பின் மாளிகைப் படங்களை எந்த அரசும் எரிக்கவில்லை என்பது எண்ணத்தக்கது. ஆடையற்ற உடல் அரசை அச்சுறுத்துவதில்லை. ஆடையற்றவனுக்குப் பெயரும் ஊரும் காரணமும் இருக்கும்போதுதான் அது அச்சுறுத்துகின்றது.

ஸைனுல் ஆபிதீனை மார்க்கத்துக்கு விரோதமானவர் என்று ஒதுக்கிவிட இயலாது. பிரிவினைக்குப் பின் 1948இல் டாக்காவில் கலைக்கல்லூரியை நிறுவி, ஒரு முஸ்லிம் சமூகத்தின் நடுவே நவீன ஓவியத்துக்கு வீடு கட்டியவர் அவர். 1970இல் அரபு நாடுகளிலிருந்த பலஸ்தீன அகதி முகாம்களுக்குச் சென்று அங்கிருந்தவர்களை வரைந்தார். எம். ஏ. நுஃமானின் மொழிபெயர்ப்பில் 1981இல் வெளிவந்த ‘பலஸ்தீனக் கவிதைகள்’ நூலை நெஞ்சோடு அணைத்துக்கொண்ட கல்முனைக்கு, அதே மக்களை மையில் தீட்டிய ஸைனுல் ஆபிதீனின் பெயர் எத்துணை பழக்கமானதாக இருந்திருக்கவேண்டும்! சொல்லில் வந்த பலஸ்தீனத்தை வரவேற்ற கரை, கோட்டில் வந்ததைத் தேடவில்லையெனில், குறை மார்க்கத்தில் இல்லை. பாடத்திட்டத்திலும் விமர்சனத்திலும் இருக்கின்றது.

மார்க்கத்தின் நிலைப்பாட்டையும் நேர்மையாக எதிர்கொள்ளவேண்டும். உயிருள்ளவற்றின் உருவம் வரைவது பற்றி ஆலிம்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. அதை ஒரு கட்டுரை தீர்த்துவைக்க முடியாது. ஆனால் உடலின் வரையறை குறித்து இக்கரையில் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபு தெளிவாகவே பேசுகின்றது. ஆணின் அவ்ரத் தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்டது. மார்பும் முதுகும் தோளும் கையும் கெண்டைக்காலும் அதற்குப் புறம்பானவை. கரைவலை இழுப்பவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கயிற்றைத் தோளில் சாய்த்துப் பின்னோக்கி நடக்கும்போது அவனுடைய முதுகில் தெரிவது அவ்ரத் அன்று, உழைப்பு. களத்தில் சூடடிப்பவனின் தோளில் தெரிவதும் அதுவே. போடியாரின் வயலில் முல்லைக்காரன் காவல் கிடந்த இரவுகளும் அவனுடைய விலாவெலும்பில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. இவற்றை வரைய எந்தத் தடையை மீறவேண்டும்? எதையும் மீறவேண்டியதில்லை. மீறவேண்டிய ஒன்று இருப்பின், அது உழைப்பாளியின் உடலைப் பார்க்கத் தகுந்ததாகக் கருதாத நடுத்தர வர்க்கத்தின் கூச்சம், அவ்வளவே. அந்தக் கூச்சம் தன்னை மார்க்கம் என்று அழைத்துக்கொள்வதுதான் உண்மையான விரோதம்.

மையின் இயல்பும் இதற்குத் துணைநிற்கின்றது. எண்ணெய் வண்ணம் திரை முழுவதையும் நிரப்பக் கோரும். கோட்டோவியமோ நிரப்பாமல் விடுவதாலேயே வாழ்கின்றது. கோடு எங்கே நிற்கவேண்டும் என்பதை ஓவியன் தீர்மானிக்கின்றான். நின்ற இடத்துக்கு அப்பால் வெற்றுத் தாள் ஆடையாகிவிடும். மறைப்பதும் வரைவதும் மையில் ஒரே செயல். இதற்குச் சிறந்த சான்று தமிழ்நாட்டிலேயே உண்டு. துறையூரை அடுத்த கீராம்பூரில் 1938இல் பிறந்து சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்ற கே. எம். ஆதிமூலம், 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி ஏறத்தாழ நூறு கோட்டோவியங்களை வரைந்தார். கிறுக்கலும் அடர்த்தியுமாகப் பின்னிய கோடுகளிலிருந்து ஒரு மெலிந்த மார்பும் வளைந்த முதுகும் எழுகின்றன. நவீனத் தமிழ்ச் சிறுசஞ்சிகைகளின் வாசகர் அறிந்த கை அது.

அந்த மார்பு எப்போது திறந்தது என்பதும் தமிழ் மண்ணின் வரலாறே. 1921 செப்டெம்பர் 22ஆம் நாள் மதுரையில்தான் காந்தி மேலாடையைத் துறந்து முழங்கால் வரையிலான வேட்டியை ஏற்றார். கதர் வாங்கவும் வசதியற்ற ஏழைகளைக் கண்டபின் எடுத்த முடிவு அது. பத்தாண்டு கழித்து ‘அரைநிர்வாணப் பக்கிரி’ என்று சர்ச்சில் எள்ளி நகையாடினார். ஏகாதிபத்தியத்தின் பார்வையில் உழைக்கும் மனிதனின் திறந்த மார்பு அநாகரிகம். காந்தியின் கையில் அதே மார்பு அரசியல். ஆதிமூலத்தின் கோடுகளுக்கு வலிமை வந்தது கைத்திறனால் மட்டுமன்று. அங்கே ஆடையைக் களைந்தது உடலுக்குரியவனின் சொந்தக் கை. உடலுக்குப் பெயர் இருக்கின்றது. களைந்ததற்கு நாள் இருக்கின்றது.

பம்பாயில் எப். என். சூசா செய்ததும் மற்றொரு வகையில் இதுவே. 1949இல் தம்மையே முழு நிர்வாணமாக வரைந்து காட்சிக்கு வைத்த அவருடைய ஓவியம் ஆபாசக் குற்றச்சாட்டைச் சந்தித்தது. அவ்வாண்டே அவர் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். பிறர் உடலைக் களைந்து காட்டிய ஓவியர் எத்தனையோ பேர் கௌரவத்தோடு வாழ்ந்தனர். தன் உடலைக் காட்டியவர் மீது வழக்குப் பேசப்பட்டது. அவ்வோவியத்தைக் கல்முனையில் மாட்டவேண்டும் என்பது வாதமன்று; அவ்வாறு மாட்டுவதால் எவருக்கும் நன்மையில்லை. ஆனால் சமூகம் எதைக் கண்டு அஞ்சியது என்பதை அவ்வழக்கு காட்டுகின்றது. பார்ப்பவன் ஆண், பார்க்கப்படுபவள் பெண். பார்ப்பவன் செல்வன், பார்க்கப்படுபவன் ஏழை. இந்த ஒழுங்கு குலையும்போதுதான் ‘ஒழுக்கம்’ கூக்குரலிடுகின்றது. பெண்ணுடலை அட்டையில் அச்சிட்டபோது ஒழுக்கம் உறங்கிக்கொண்டிருந்தது.

இவ்விவாதம் அம்பாறைக் கரைக்கு வெறும் நூலறிவன்று. 1970 நவம்பரில் வங்கக் கரையைப் புயலும் கடலும் அழித்தபோது ஸைனுல் ஆபிதீன் மன்புராத் தீவின் இறந்தோரை ஏறத்தாழ முப்பது அடி நீளச் சுருளில் வரைந்தார். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் உடல்கள். ஓரத்தில் முதுகைக் காட்டிக் குனிந்திருக்கும் ஒரேயொரு உயிருள்ள மனிதன். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் அதே கடல் மருதமுனையையும் கல்முனையையும் சாய்ந்தமருதையும் புரட்டியது. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கைத்தறித் துணிக்குப் பெயர்பெற்ற கரையில், கடல் உரித்த உடல்களை மூடத் துணி போதாமற் போன நாள் அது. குளிப்பாட்டிக் கபனிட்டு அடக்குவது இறந்தவருக்கு உயிருள்ளோர் செய்யும் கடமை. அந்தக் கடமையைக்கூட முறையாகச் செய்ய அவகாசமின்றிப் புதைகுழிகள் நிரம்பின. அந்த நாளைச் சொல்லக் கவிதை வந்தது, ஒளிப்படக்காரர் வந்தனர், தொண்டு நிறுவனங்கள் வந்தன. பெயரறியாத உடல்களின் படங்கள், எவர் அனுமதியும் கேளாமல், உலகப் பத்திரிகைகளில் வந்தன. அவற்றை ஆபாசம் என்று எவரும் சொல்லவில்லை. உண்மையில் ஆபாசம் என்ற சொல்லுக்குத் தகுதியானவை அவையே.

மன்புராச் சுருளுக்கு நிகரானதொன்றை இக்கரையின் பிள்ளையொருவன் வரைய முன்வந்தால், அவனுக்கு முதுகெலும்பு எங்கே வளைகின்றது, தோள் எங்கே கழல்கின்றது என்று கற்பித்தது யார்? சித்திரம் ஒரு பாடமாகவே பாடசாலைகளில் இருக்கின்றது. அலங்கார வடிவமும் பூச்சாடியும் இயற்கைக் காட்சியும் கற்பிக்கப்படும் வகுப்பில், வேலைசெய்யும் மனித உடல் கற்பிக்கப்படாவிட்டால், மாணவன் கடற்கரையில் தினமும் காணும் தகப்பனைக் குச்சி மனிதனாகத்தான் வரைவான். தன் தகப்பனை வரையத் தெரியாத கைக்குப் பேரழிவை வரையத் தெரியாது. அப்போது அந்தக் கரையின் உடல்களை வெளியிலிருந்து வருபவனே வரைவான், அவனுக்கு விருப்பமான விதத்தில் வரைவான், பெயரின்றி விற்பான்.

ஆகவே, செய்யவேண்டியவை சிலவே. ஓவியத்தின் கீழே ஓவியனின் கையொப்பத்தோடு வரையப்பட்டவரின் பெயரும், அவர் விரும்பினால், எழுதப்படவேண்டும். ‘மீனவன்’, ‘உடற்பயில்வு’ என்ற தலைப்புகள் பெயரைத் திருடுபவை. நிற்பவருக்கு உரிய கூலியும், படம் எங்கே மாட்டப்படும் என்று அறியும் உரிமையும், வேண்டாமென்று சொல்லும் உரிமையும் உண்டு. சிறுவரை ஆடையின்றி நிறுத்துவதற்கு எந்தக் கலையின் பெயராலும் அனுமதியில்லை. இதில் விவாதமே கிடையாது. சித்திர வகுப்பு கரைவலைத் துறைக்கும் நெற்களத்துக்கும் நடந்து செல்லட்டும். அவ்ரத்தின் எல்லையைக் காத்துக்கொண்டே ஆணுடலின் முழு உழைப்பையும் மையில் கொண்டுவர முடியும்.

விமர்சகர்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஆடையற்ற ஆணுடல் ஒன்றின் முன் நிற்கும்போது, ‘இது அழகா, அசிங்கமா’ என்ற கேள்வியைச் சற்றே ஒத்திவைத்துவிட்டு, அவ்வாடை விருப்பத்தால் களையப்பட்டதா, பணத்தால் களையப்பட்டதா, பசியால் களையப்பட்டதா, தன் கையால் களையப்பட்டதா என்று அவர்கள் கேட்கட்டும். இக்கேள்விக்கு விடை சொல்லும் கோடுகள் மார்க்கத்தையும் மரபையும் கண்டு அஞ்சவேண்டியதில்லை. விடை சொல்லாமல் ஒளியும் கோடுகள் எவ்வளவு லயமுள்ளவையாயினும், அவற்றைப் புகழ்ந்து எழுதப்படும் ஒவ்வொரு பக்கமும் பெயரற்று நின்ற அந்த மனிதனிடமிருந்து மீண்டுமொருமுறை ஆடையைப் பறிக்கின்றது.